"டி டிரைவே காட்டலைண்ணே": ஃபிளாட்பேக் மென்பொருளுக்கு ஃபோல்டரை அளந்து கொடுத்த அனுபவம்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. மதுரையில் சிம்மக்கல், வடக்குமாசி வீதிப் பக்கம் இருக்கும் சின்ன அச்சகங்களில் ஓடுவது பெரும்பாலும் இன்டெல் நாலாம் தலைமுறை, ஆறாம் தலைமுறை மெஷின்கள். விண்டோஸ் 11 கேட்கிற எட்டாம் தலைமுறைச் சிப்புக்கு அவை எங்கே போவது? புது மெஷின் வாங்கினால் ஐப்பசி முகூர்த்த வருமானம் அதிலேயே கரைந்துவிடும் என்று கணக்குப் போட்ட முதலாளிகள் சிலர், "லினக்ஸைப் போட்டுக் கொடுங்க தம்பி, ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றார்கள். நான் இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவன். விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22 போட்டுக் கொடுத்தேன். மெஷின்கள் நன்றாகவே ஓடின. தொலைபேசி மட்டும் ஓயவில்லை.

எல்லா அழைப்புகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி: "அண்ணே, டி டிரைவே காட்டலை." இதில் வேடிக்கை என்னவென்றால், அதே மெஷினில் படம் திருத்தும் மென்பொருளான ஜிம்ப்பைத் திறந்தால் டி டிரைவ் தெரியும். பக்கத்து ஐகானைத் திறந்தால் தெரியாது. ஃபைல் மேனேஜரில் பார்த்தால் டிரைவ் பத்திரமாக இருக்கும். டிசைன் பார்க்கிற பிள்ளைகள் குழம்பிப் போவதில் ஆச்சரியமே இல்லை. டிஸ்க் போய்விட்டது என்று பயந்து கேபிளைக் கழற்றி மாட்டிய கடையும் உண்டு.

காரணம் ஃபிளாட்பேக்: தனக்கு வேண்டியதையெல்லாம் தன்னோடு கட்டிக்கொண்டு வரும் லினக்ஸ் மென்பொருள் வடிவம். ஜிம்ப் 3.0 2025 மார்ச்சில் வந்துவிட்டது. மின்ட் 22-இன் சொந்தத் தொகுப்பிலோ பழைய 2.10-தான். புதுசு வேண்டுமென்றால் ஃபிளாட்ஹப் என்ற இணையக் கிடங்கிலிருந்து ஃபிளாட்பேக் வடிவில் இறக்குவதுதான் சுலபம். கோட்டோவிய மென்பொருளான இங்க்ஸ்கேப்புக்கும் இதே கதை. இப்படி ஒன்றிரண்டு என்று தொடங்கி, கடையில் தினமும் புழங்கும் மென்பொருளில் பாதி ஃபிளாட்பேக்காகிவிட்டது. ஃபிளாட்பேக் மென்பொருள் ஒவ்வொன்றும் சாண்ட்பாக்ஸ் என்ற வேலி போட்ட தனி இடத்துக்குள் ஓடுகிறது. அந்தச் சாண்ட்பாக்ஸைக் கட்டுவது பபுள்ராப் என்ற சின்ன நிரல். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் உள்ள மவுண்ட் நேம்ஸ்பேஸ் வசதியைக் கொண்டு அந்த மென்பொருளுக்கு மட்டும் தனியாக ஒரு கோப்பு மரத்தை அமைத்துக் கொடுக்கிறது. மென்பொருள்கள் நிறுவப்படும் நம் மெஷினின் யூஎஸ்ஆர் ஃபோல்டர் அதில் இராது. மென்பொருளோடு வந்த ரன்டைம் என்ற அடிப்படைக் கோப்புத் தொகுப்புதான் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். நம் சொந்த ஃபைல்கள் இருக்கும் ஹோம் ஃபோல்டரும் இராது. மென்பொருளின் சொந்தத் தரவுக்கென்று ஹோமில் மறைவாக இருக்கும் வார் ஃபோல்டருக்குள், ஆப் என்பதன் கீழ், அதனதன் பெயரில் ஓர் இடம் உண்டு. அது மட்டும் நிரந்தரம். மற்றபடி எது தெரியும், எது தெரியாது என்பதெல்லாம் அந்த மென்பொருளைக் கட்டித் தந்தவர்கள் அறிவித்த அனுமதியைப் பொறுத்தது.

ஜிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் ஹோஸ்ட் என்ற அனுமதியோடுதான் ஃபிளாட்ஹப்பில் வருகின்றன. கிட்டத்தட்ட எல்லா ஃபைலையும் படிக்கலாம், எழுதலாம். அதனால்தான் அவற்றில் டி டிரைவ் தெரிகிறது. வேறு சிலவற்றுக்கு டவுன்லோட்ஸ் ஃபோல்டர் மட்டும். சிலவற்றுக்கு அதுவும் இல்லை.

இதில் முதலில் மனதில் வைக்க வேண்டியது: சாண்ட்பாக்ஸுக்குள் இல்லாத ஃபோல்டர் பூட்டிய அறை மாதிரி தெரியாது, அப்படி ஓர் அறையே கட்டாத வீடு மாதிரிதான் தெரியும். "அனுமதி இல்லை" என்று செய்தி வந்தால் நமக்கு உடனே புரியும். "அப்படி ஒரு ஃபைலே இல்லை" என்றுதான் வருகிறது. அதைப் பார்த்து ஃபைல் அழிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

அதனால் கடைக்குப் போனதும் முதல் வேலையாக, அந்த மென்பொருளின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று உள்ளே போய்ப் பார்த்துவிடுவேன். இனி வரும் கட்டளைகளை வாசித்துக் காட்டுவது போல எழுதுகிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்து. ஃபிளாட்பேக் ரன், பிறகு இரட்டைக் கோடு போட்டு கமாண்ட் சமம் எஸ்ஹெச், கடைசியில் மென்பொருளின் முழு அடையாளப் பெயர். இப்படிக் கொடுத்தால் மென்பொருளுக்குப் பதிலாக அதன் சாண்ட்பாக்ஸுக்குள் கட்டளை அடிக்கும் ஒரு ஷெல் திறக்கும். அங்கே ஃபோல்டரில் உள்ளதைப் பட்டியலிடும் எல்எஸ் போட்டு ஹோமைப் பாருங்கள், செருகிய டிஸ்க்குகள் வரும் மீடியா ஃபோல்டரைப் பாருங்கள். வெளியே நூறு ஃபோல்டர் இருக்கும் ஹோமில் உள்ளே டவுன்லோட்ஸ் ஒன்று மட்டும் தனியாக நிற்பதைப் பார்த்த பிறகு, விளக்கம் எதுவும் தேவைப்படாது. அனுமதிப் பட்டியலை மட்டும் பார்க்க வேண்டுமானால் ஃபிளாட்பேக் இன்ஃபோவோடு ஷோ-பெர்மிஷன்ஸ் என்ற தெரிவைச் சேர்த்தால் போதும். வருகிற வரிகளில் ஃபைல்சிஸ்டம்ஸ் என்று தொடங்குவதுதான் நமக்கு வேண்டியது.

இப்போது ஒரு கல்யாணப் பத்திரிகைக் கதை.

அச்சகங்களில் பழைய விண்டோஸ் லேஅவுட் மென்பொருளை விட்டுவர யாருக்கும் மனம் வராது. இருபது வருஷத்துப் பத்திரிகை மாதிரிகள் அந்த வடிவில்தான் கிடக்கின்றன. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டித் தரும் ஒரு ஃபிளாட்பேக் வழியாக ஒரு கடையில் அது ஓடிக்கொண்டிருந்தது. முகூர்த்தத்துக்கு முன்பு வேலை குவிந்திருந்த ஒரு ராத்திரி, அங்கே டிசைன் பார்க்கும் தங்கை ஒரு பத்திரிகையை முடித்து, தாய்மாமன் பெயர்கள் வரை திருத்தி, சேவ் கொடுத்திருக்கிறார். சேவ் பெட்டியில் ஹோம் தெரிந்திருக்கிறது. உள்ளே வழக்கமான 'வேலை' ஃபோல்டரைக் காணோம். சரி, ஏதோ மாறிவிட்டது என்று அதே பெயரில் புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு அதில் சேவ் செய்துவிட்டு, மெஷினை அணைத்துவிட்டுப் போய்விட்டார். காலையில் வந்தால் ஃபைலும் இல்லை, புது ஃபோல்டரும் இல்லை.

ஹோம் அனுமதி இல்லாத ஃபிளாட்பேக்குக்குள் தெரியும் ஹோம், தற்காலிக நினைவகத்தில் உருவான ஒரு வெற்று இடம். எழுதினால் எழுதிக்கொள்ளும், பிழைச் செய்தியும் வராது. மென்பொருளை மூடியதும் சாண்ட்பாக்ஸோடு சேர்ந்து அதுவும் மறைந்துவிடும். டிஸ்க்கில் அது எழுதப்படவே இல்லை என்பதால் ரிக்கவரி மென்பொருள் கொண்டும் மீட்க முடியாது. அந்தக் கடையில் பெண் வீட்டாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ப்ரூஃப் படம் இருந்ததால், அதைப் பார்த்து மறுபடி அடித்தார்கள்.

இந்த நிலையில் யாராவது மாட்டினால் ஒன்று மட்டும் சொல்வேன்: மென்பொருளை மூடாதீர்கள். திறந்திருக்கும் வரை அந்தத் தற்காலிக இடமும் உயிரோடுதான் இருக்கும். மறுபடி சேவ் ஆஸ் கொடுத்து, நிஜமாக வெளியே இருக்கும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். ஃபைல் மேனேஜரில் போய் அது வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு மூடலாம்.

எல்லா ஃபிளாட்பேக்கிலும் இந்த ஆபத்து இருக்கிறது என்று பயப்பட வேண்டாம். புதிய மென்பொருட்கள் பெரும்பாலும் போர்ட்டல் என்ற ஏற்பாட்டைப் பயன்படுத்துகின்றன. ஓப்பன் அல்லது சேவ் கொடுத்ததும் வரும் பெட்டி அந்த மென்பொருளுடையது கிடையாது. சாண்ட்பாக்ஸுக்கு வெளியே, நம் டெஸ்க்டாப் திறக்கும் பெட்டி அது. எல்லா டிரைவும் அதில் தெரியும். நாம் ஒரு ஃபைலைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஒரு ஃபைல் மட்டும் உள்ளே அனுப்பப்படுகிறது. நாம் தேர்ந்தெடுப்பதே நாம் கொடுக்கும் அனுமதி. என்னைக் கேட்டால் இந்த மொத்த விஷயத்திலும் அழகான யோசனை இதுதான். கூடுதல் அனுமதி எதுவும் கொடுக்காமலே தொண்ணூறு சதவீத வேலை நடந்துவிடும்.

பெட்டி யாருடையது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஃபைல் அனுமதி எதுவும் இல்லாத மென்பொருளில் ஓப்பன் கொடுத்துப் பாருங்கள். டி டிரைவ் தெரிந்தால் அது போர்ட்டல். ஹோமில் ஓரிரு ஃபோல்டர் மட்டும் தெரிந்தால் அது மென்பொருளின் சொந்தப் பெட்டி. அங்கே சேவ் செய்யும்போது எச்சரிக்கை தேவை. வைன் (விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டித் தரும் ஏற்பாடு) வழியாக ஓடும் நிரல்கள் எல்லாம் இரண்டாவது ரகம்.

போர்ட்டல் வழியே திறந்த ஃபைலின் பாதை சில மென்பொருட்களில் விசித்திரமாகத் தெரியும். ரன், யூசர், 1000, டாக் என்று தொடங்கி, நடுவில் புரியாத எழுத்துக் குவியல் ஒன்று, கடைசியில் ஃபைல் பெயர். 1000 என்பது நம் பயனர் எண். ஃபைல் வேறெங்கோ போய்விட்டது என்று கலங்க வேண்டாம். அது இருந்த இடத்தில்தான் இருக்கிறது, சாண்ட்பாக்ஸுக்குள் எட்டிப் பார்ப்பதற்கான ஜன்னல் பாதைதான் அது. இப்படி எந்தெந்த ஃபைல்கள் உள்ளே கொடுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்க ஃபிளாட்பேக் டாக்குமென்ட்ஸ் என்ற கட்டளை இருக்கிறது.

போர்ட்டல் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு ஃபைல் இன்னொரு ஃபைலை நம்பியிருந்தால் சிக்கல். ஹோஸ்ட் அனுமதியை எடுத்துவிட்ட இங்க்ஸ்கேப்பில் ஒரு பத்திரிகை முகப்பு என்று வையுங்கள். அதில் பிள்ளையார் படம் ஒட்டப்படாமல் லிங்க் செய்யப்பட்டிருக்கிறது. முகப்பை நாம் தேர்ந்தெடுத்தோம், அது உள்ளே போனது. பிள்ளையாரை நாம் தேர்ந்தெடுக்கவில்லை, அவர் வெளியே நிற்கிறார். படம் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி விழும். வீடியோ எடிட்டிங் ப்ராஜெக்ட், படங்களோடு சேவ் செய்த வலைப்பக்கம், தனி வசன வரி ஃபைலோடு இருக்கும் சினிமாப் படம் எல்லாவற்றுக்கும் இதே கதி. இங்கேதான் ஃபோல்டரையே அனுமதியாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எந்த ஃபோல்டரை, எவ்வளவு?

நெட்டில் தேடினால் பலரும் தரும் பதில், ஹோஸ்ட் கொடுத்துவிடு, பிரச்சினை தீர்ந்தது என்பதுதான். தீரத்தான் செய்யும். ஆனால் அதைச் செய்த பிறகு ஃபைல் விஷயத்தில் சாண்ட்பாக்ஸ் என்பது பெயரளவுக்குத்தான். ஹோம் முழுவதையும் எழுதும் அனுமதியோடு கொடுத்தாலே, ஷெல் திறக்கும்போதெல்லாம் ஓடும் பாஷ்ஆர்சி ஃபைலில் அந்த மென்பொருள் ஒரு வரி சேர்க்கலாம். அடுத்த முறை டெர்மினல் திறக்கும்போது அந்த வரி சாண்ட்பாக்ஸுக்கு வெளியே ஓடும். வேறு மெஷின்களுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவிகள், வழக்கமான முறையில் நிறுவிய பிரவுசரின் கணக்கு விவரங்கள் எல்லாம் அதே ஹோமில்தான் கிடக்கின்றன. ஜிம்ப் அப்படிச் செய்யும் என்று நான் சொல்லவில்லை. வாடிக்கையாளர் பென் டிரைவில் கொண்டுவரும் ஃபைல்களை நாள் முழுக்கத் திறக்கும் இடம் அச்சகம். கெட்ட ஃபைல் ஒன்று நல்ல மென்பொருளையும் வளைத்துவிடும் என்பதுதான் என் கவலை.

அதனால் ஒரு கடையில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்து, அதன்படி பிரித்தேன். அச்சகத்தில் இரண்டு வகை ஃபோல்டர் உண்டு. ஒன்று, அன்றாட வேலை: மேலூர் காதணி விழா, உசிலம்பட்டி வசந்த விழா என்று வாடிக்கையாளர் வாரியாகக் குவிந்திருக்கும். இன்னொன்று சேகரிப்பு: பிள்ளையார், மீனாட்சி திருக்கல்யாணம், அழகர் எதிர்சேவை, குத்துவிளக்கு, வாழைமரம், பார்டர், தோரணம். பல வருஷமாகத் தேடி, ஸ்கேன் செய்து, சுத்தப்படுத்திச் சேர்த்தவை. சேகரிப்பில் உள்ள படத்தைத் திறந்து, வண்ணம் மாற்றி, பழக்க தோஷத்தில் அப்படியே சேவ் கொடுத்து மூலப்படத்தைக் கெடுத்துவிடுவது அச்சகங்களில் தினப்படி நடப்பது.

இங்க்ஸ்கேப்புக்கு இருந்த ஹோஸ்ட் அனுமதியை எடுத்துவிட்டு, வேலை ஃபோல்டரை எழுதும் அனுமதியோடும், சேகரிப்பைப் படிக்க மட்டுமான அனுமதியோடும் கொடுத்தேன். ஜிம்ப்புக்கும் அப்படியே. இதற்கு டெர்மினல் தேவையில்லை. ஃபிளாட்சீல் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அதுவும் ஒரு ஃபிளாட்பேக்தான். இடப்பக்கம் மென்பொருளைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்கம் ஃபைல்சிஸ்டம் பகுதிக்கு இறங்கினால் எல்லா அனுமதியும் சுவிட்சுகளாக வரிசையாக இருக்கும். அங்கே ஹோஸ்ட் சுவிட்சை அணைத்துவிட்டு, கீழே அதர் ஃபைல்ஸ் என்ற இடத்தில் ஃபோல்டரின் முழுப் பாதையை எழுத வேண்டும். படிக்க மட்டும் என்றால் பாதையின் கடைசியில் முக்காற்புள்ளி வைத்து ஆர்ஓ (ரீட்-ஒன்லி). எழுதவும் வேண்டுமென்றால் எதுவும் சேர்க்க வேண்டாம். கேடிஇ பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப்பைப் பயன்படுத்துபவர்களுக்கு 5.27-இலிருந்து சிஸ்டம் செட்டிங்ஸிலேயே இந்தப் பக்கம் இருக்கிறது.

டெர்மினல்தான் வசதி என்பவர்களுக்கு: ஃபிளாட்பேக் ஓவர்ரைடு, இரட்டைக் கோடு யூசர், இரட்டைக் கோடு ஃபைல்சிஸ்டம் சமம் பாதை, கடைசியில் மென்பொருளின் அடையாளப் பெயர். அடையாளப் பெயரை மறந்துவிட்டுக் கட்டளையை முடித்தால் அந்த அனுமதி மெஷினில் உள்ள எல்லா ஃபிளாட்பேக்குக்கும் போய்விடும். ஃபிளாட்சீலில் ஆல் அப்ளிகேஷன்ஸ் என்று முதலில் நிற்பதும் அதுதான், அவசரத்தில் பலர் அதைத் தொட்டுவிடுகிறார்கள். கொடுத்ததையெல்லாம் திரும்பப் பெற ஓவர்ரைடோடு ரீசெட். ஒரே ஒரு முறைக்கு மட்டும் அனுமதி வேண்டுமென்றால் ஃபிளாட்பேக் ரன் கட்டளையிலேயே ஃபைல்சிஸ்டம் தெரிவைச் சேர்த்து ஓட்டலாம். மூடியதும் அனுமதியும் போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளுக்கு எந்த மாற்றமும் உறைக்காது. முழுதாக மூடித் திறக்க வேண்டும். பின்னணியில் ஒளிந்து ஓடும் ரகமாக இருந்தால் ஃபிளாட்பேக் கில்.

படிக்க மட்டும் கொடுத்த முதல் வாரம் அந்தக் கடையில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. "பிள்ளையாரைத் திருத்தினா சேவ் ஆக மாட்டேங்குதுண்ணே" என்றார் அங்கே வேலை பார்க்கும் தம்பி. திருத்தியதை வேலை ஃபோல்டரில் சேவ் ஆஸ் கொடுங்கள் என்றேன். முதலாளிதான் இதில் அதிக சந்தோஷப்பட்டார். அவர் சேகரிப்பு அது.

இன்னொரு சின்ன விஷயம். ஃபைல் அனுமதி பெரிதாகக் கொடுக்க வேண்டியிருக்கும் மென்பொருளுக்கு நெட் தேவையா என்று யோசியுங்கள். லேஅவுட் மென்பொருளுக்கு எதற்கு நெட்? ஃபிளாட்சீலில் முதல் பகுதியிலேயே நெட்வொர்க் சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்துவிட்டால், உள்ளே எதைப் படித்தாலும் நேராக வெளியே அனுப்ப வழி இராது. ஃபோல்டர் அனுமதியைப் பற்றிப் பேசும் பலரும் இதைச் சொல்வதில்லை.

பாதையை எழுதுவது என்றேன். பாதி நேரம் போவது அதில்தான். மின்ட், உபுண்டு, டெபியன் ஆகிய லினக்ஸ் வகைகளில் செருகிய டிஸ்க் மீடியா ஃபோல்டருக்குள் பயனர் பெயரின் கீழ் வரும். ஃபெடோரா என்ற வகையில் ரன் ஃபோல்டருக்குள் மீடியா. டிஸ்க்கின் லேபிள் மாறினால் பாதையும் மாறும். ஒரே லேபிளில் இரண்டு டிஸ்க் செருகினால் இரண்டாவதின் பெயர் பின்னால் எண் ஒட்டிக்கொள்ளும். அனுமதி கொடுத்த பாதையில் ஒன்றும் இராது. மெஷினுக்குள்ளேயே நிரந்தரமாக இருக்கும் டி டிரைவுக்கு இந்த விளையாட்டே வேண்டாம். டிஸ்க்ஸ் என்ற கருவியில் அந்தப் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து, மெஷின் எழும்போதே எம்என்டி ஃபோல்டருக்குள் ஒரு நிலையான பெயரில் மவுண்ட் ஆகும்படி, அதாவது அந்த இடத்தில் வந்து இணையும்படி, அமைத்துவிடுவேன். எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் அது ஒரு வரி எழுதிக்கொள்ளும். பாதை நிலைத்துவிட்டால் அனுமதியும் நிலைத்துவிடும்.

பென் டிரைவுக்கு அப்படிச் செய்ய முடியாது. போர்ட்டல் உள்ள மென்பொருளுக்கு அதன் வழியே திறப்பதே நல்லது. அது இல்லாவிட்டால் குறிப்பிட்ட பாதையைக் கொடுத்துவிட்டு, முதலில் டிரைவைச் செருகி, பிறகு மென்பொருளைத் திறக்க வேண்டும். மென்பொருள் எழும் நேரத்தில் இல்லாத பாதையை ஃபிளாட்பேக் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.

டி டிரைவுக்கு ஹோமில் ஒரு சிம்லிங்க் (வேறோர் இடத்தைக் காட்டும் குறுக்குவழி) போட்டு, ஹோமை அனுமதியாகக் கொடுத்தால் முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. லிங்க் உள்ளே தெரியும். தொட்டால் எதுவும் இராது. லிங்க் காட்டும் உண்மையான இடத்துக்கும் அனுமதி கொடுத்தால்தான் அது வேலை செய்யும். கொடுத்த பாதையே உள்ளேயும் அப்படியே இருக்கும் என்பதால் லிங்க் அப்புறம் சரியாகச் சேர்ந்துகொள்ளும்.

எழுத முடியவில்லை என்ற புகார் எல்லாம் சாண்ட்பாக்ஸால் வருவதும் கிடையாது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் மெஷினில் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கிக்கொண்டிருந்தால், ஷட்டவுன் கொடுத்தாலும் அது பாதி உறக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் விட்ட, விண்டோஸ் வடிவமான என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனை லினக்ஸ் படிக்க மட்டும் மவுண்ட் செய்யும். ஃபிளாட்சீலில் எத்தனை சுவிட்சைத் திருகினாலும் பயன் இல்லை. ஃபைல் மேனேஜரிலேயே அந்த டிரைவில் புது ஃபோல்டர் போட முடிகிறதா என்று முதலில் பாருங்கள். நமக்கே இல்லாத உரிமையைச் சாண்ட்பாக்ஸுக்குள் யாராலும் கொடுக்க முடியாது.

ஃபான்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், தமிழ் வேலை பார்ப்பவர்களுக்கு அதுதான் உயிர். புது ஃபான்ட் தெரியவில்லை என்று ஹோஸ்ட் அனுமதி கொடுத்த கடைகளைப் பார்த்திருக்கிறேன். தேவையே இல்லை. மெஷினில் பொதுவாக நிறுவிய ஃபான்ட்களை ஃபிளாட்பேக் தானாகவே உள்ளே காட்டும். நம் கணக்குக்கு மட்டும் போட்டவை லோக்கல், ஷேர், ஃபான்ட்ஸ் என்ற மறை ஃபோல்டரில் இருந்தால் அவையும் தெரியும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், டி டிரைவில் இருக்கும் ஃபான்ட் குவியலுக்கு அந்த இடத்திலிருந்து சிம்லிங்க் போடும்போது. மேலே சொன்ன அதே கதைதான். ஃபான்ட்களை நிஜமாகவே அங்கே காப்பி செய்துவிட்டு மென்பொருளை மூடித் திறந்தால் வந்துவிடும். எந்த ஃபான்டுக்கு எது மாற்று என்று, லினக்ஸின் ஃபான்ட் அமைப்பான ஃபான்ட்கான்ஃபிக்கில் சொந்தமாக எழுதி வைத்திருப்பவர்கள், அந்த ஃபோல்டரைப் படிக்க மட்டும் அனுமதியோடு சேர்த்துக்கொள்ளலாம்.

திருமங்கலத்தில் ஒரு கடைக்காரர் மெஷின் முழுவதையும் தமிழில் வைத்திருந்தார். அவர் ஹோமில் டாக்குமென்ட்ஸ் இல்லை, 'ஆவணங்கள்' இருந்தது. யாரோ சொன்னதைக் கேட்டு டாக்குமென்ட்ஸ் பாதையை எழுதி வைத்திருந்தார். அது எப்படி வேலை செய்யும்? இப்படிப்பட்ட வழக்கமான ஃபோல்டர்களுக்குப் பாதையை எழுதாமல் எக்ஸ்டிஜி-டாக்குமென்ட்ஸ், எக்ஸ்டிஜி-டவுன்லோட் போன்ற பெயர்களைக் கொடுப்பது நல்லது. மெஷினில் அந்த ஃபோல்டர் எந்தப் பெயரில், எந்த டிஸ்க்கில் இருந்தாலும் ஃபிளாட்பேக் அதைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு, ஃபிளாட்பேக் மாதிரியே இன்னொரு வடிவமான ஸ்னாப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாகத்தான் வருகிறது. ஸ்னாப்பில் ஃபோல்டர் ஃபோல்டராகப் பாதை எழுதிக் கொடுக்கும் வசதி வழக்கமாகப் பயனருக்கு இல்லை. இன்டர்ஃபேஸ் என்ற ஆயத்தக் கதவுகளை இணைப்பதும் துண்டிப்பதும்தான். ஹோம் என்ற இன்டர்ஃபேஸ் இருந்தாலும் புள்ளியில் தொடங்கும் மறை ஃபோல்டர்கள் தெரியாது. மீடியா, எம்என்டி ஃபோல்டர்களில் உள்ள டிஸ்க்குகளுக்கு ஸ்னாப் கனெக்ட் கொடுத்து ரிமூவபிள்-மீடியாவைப் பெரும்பாலும் நாமே இணைக்க வேண்டும். எனக்கு ஃபிளாட்பேக்கின் வழிதான் பிடித்திருக்கிறது. படிக்க மட்டும் என்று ஒரு ஃபோல்டரைக் குறிப்பிட்டுச் சொல்ல முடிகிறதே!

ஒன்றுக்கு மேற்பட்ட மெஷின் உள்ள கடையில் எல்லாவற்றிலும் ஃபிளாட்சீலைத் திறந்து உட்கார வேண்டியதில்லை. நாம் செய்யும் மாற்றங்கள் ஹோமில் லோக்கல், ஷேர், ஃபிளாட்பேக், ஓவர்ரைட்ஸ் என்ற இடத்தில் மென்பொருளுக்கு ஒன்றாகச் சின்ன உரைக் கோப்புகளாகத்தான் எழுதப்படுகின்றன. திறந்து பார்த்தால் இரண்டு மூன்று வரிதான். ஹோஸ்டுக்கு முன்னால் ஆச்சரியக்குறி இருந்தால் அது எடுக்கப்பட்ட அனுமதி. அந்தக் கோப்புகளை அடுத்த மெஷினில் அதே இடத்தில் காப்பி செய்தால் அனுமதிகள் அப்படியே வந்துவிடும். மென்பொருளை அப்டேட் செய்தாலும் போகாது. எல்லா மெஷினிலும் டிஸ்க் ஒரே பாதையில் மவுண்ட் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சேகரிப்பு முதலாளியின் மெஷினில் மட்டும் இருந்து, மற்றவர்கள் நெட்வொர்க் வழியாகத் திறக்கும் கடைகளில் இன்னும் ஒரு படி இருக்கிறது. ஃபைல் மேனேஜரில் கிளிக் செய்து திறக்கும் ஷேர், ரன் ஃபோல்டருக்குள் ஜிவிஎஃப்எஸ் என்ற தற்காலிக இடத்தில் உட்காரும். அதன் பெயர் நீளமாக, சர்வர் பெயரோடு வரும். அதற்கு அனுமதி எழுதிப் பராமரிப்பது தலைவலி. அந்த ஷேரையும் சிஐஎஃப்எஸ் என்ற நெட்வொர்க் ஷேர் முறை வழியாக எஃப்எஸ்டேப்பில் எழுதி எம்என்டிக்குக் கீழே நிலையாக மவுண்ட் செய்துவிட்டு, அந்தப் பாதையையே படிக்க மட்டும் அனுமதியோடு கொடுத்துவிடுகிறேன். காலையில் முதலாளியின் மெஷினை முதலில் ஆன் செய்ய வேண்டும் என்பதை மட்டும் கடையில் எல்லாரிடமும் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.